மனை, வீடு விளம்பரம் போடும் முன்: தமிழ்நாட்டில் புதிதாகத் தரகு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரியல் எஸ்டேட் தரகுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் காரியம் ஒன்று உண்டு. புரமோட்டர் (மனைப்பிரிவோ அடுக்குமாடியோ உருவாக்கி விற்பவர்) அனுப்பிய படத்தை வாங்கி, அடியில் தங்கள் செல் நம்பரைச் சேர்த்து, இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் போட்டுவிடுவார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒரு விளம்பரம். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர் ஆகிவிடுகிறீர்கள்.

கோவைப் பக்கம் நான் இந்தத் தொழிலில் இறங்கியபோது இதையெல்லாம் ஓரிடத்தில் சொல்லித்தர ஆளில்லை. பதிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் ஆணையமும்), மனைப்பிரிவு ஒப்புதலுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), பேனருக்கு மாநகராட்சி, எஸ்எம்எஸ்ஸுக்கு டெலிகாம் கம்பெனி, பொய் விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது விற்பனை விளம்பரங்களுக்கு மட்டும். வாடகை, லீஸ் பற்றி இங்கே பேசவில்லை.

எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் கோப்பில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத வரியை எழுதாதீர்கள்.

1. விற்கப்போவது ரெராவுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 3: பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் வாங்கக் கூடாது, வாங்க வரும்படி அழைக்கவும் கூடாது. விற்ற பிறகுதான் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அழைப்பு விடுத்தாலே போதும்.

விலக்கு இரண்டு வகை. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அல்லது அடுக்குமாடி வீடுகள் எட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி. சென்ட் கணக்கில் பன்னிரண்டேகால் சென்டுக்குச் சற்று மேல், சென்னைக் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் கீழே.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ‘ஒவ்வொன்றும் 500 மீட்டருக்குள்தான்’ என்பார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டாவது, ‘கட்டி முடித்தாயிற்று, இனி ரெரா எதற்கு’ என்ற பேச்சு. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நிறைவுச் சான்று வாங்கிய கட்டடத்துக்குத்தான் அந்த விலக்கு. போன வருஷம் முடிந்த கட்டடத்துக்கு அல்ல. மூன்றாவது, ‘விண்ணப்பம் கொடுத்தாயிற்று, நம்பர் வரப்போகிறது’. விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க ஆணையத்துக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். கேள்வி எழுப்பினால் இன்னும் இழுக்கும். அதுவரை ‘விரைவில்’ என்ற வார்த்தையோடுகூட விளம்பரம் வேண்டாம். ப்ரீ லாஞ்ச் சலுகை, ‘விருப்பம் தெரிவிக்க 50,000 கட்டுங்கள்’ போன்றவையும் இதே கணக்கில்தான் வரும்.

ஒருவர் தன் சொந்த வீட்டையோ, வாங்கிப்போட்ட ஒற்றை மனையையோ மறுவிற்பனை செய்தால் அது திட்டம் அல்ல. ரெரா எண் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கீழே 3-ஆம், 5-ஆம் படிகளில் சொல்வது அதற்கும் பொருந்தும்.

2. உங்கள் பெயரில் முகவர் பதிவு எடுங்கள்

பதிவான திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனையையோ வீட்டையோ நீங்கள் இடையில் நின்று விற்றுக் கொடுப்பதானால், பிரிவு 9-இன்படி உங்களுக்கும் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆணையத்தின் இணையதளத்தில் கட்டண அட்டவணை இருக்கிறது. பணம் கட்டும் நாளன்று அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாராக வைக்க வேண்டியவை: பான் கார்டு நகல், புகைப்படம், அலுவலக முகவரிக்கான சான்று, தொழில் பற்றிய சிறு குறிப்பு, கடைசி மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல். வரி வரம்புக்குள் வராததால் தாக்கல் செய்யவில்லை என்றால் அதைச் சொல்லும் உறுதிமொழி. கூட்டுத் தொழிலென்றால் பங்குதாரர் பத்திரமும் எல்லாப் பங்குதாரர்களின் விவரமும். விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது முகவரிச் சான்றில்தான். வீட்டு முகவரியில் தொழில் செய்தால் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பான் கார்டில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கட்டும்.

கையில் சான்றிதழ் வரும்வரை ஒரு மாதத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்த மாதத்தில் மறுவிற்பனை வீடுகளைப் பார்க்கலாம். புரமோட்டர் திட்டங்களைத் தொட வேண்டாம். பதிவில்லாமல் இறங்கினால் பிரிவு 62-இன்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். 40 லட்சம் மனையில் அது 2 லட்சம். அதே மனையில் 2 சதவீதக் கமிஷன் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 80,000. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் 25,000 ரூபாயைச் செலவாக நினைக்க மாட்டார்கள்.

3. படத்தை வாங்கும் முன் கோப்பை வாங்குங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். புரமோட்டரின் அலுவலகத்தில் அழகான பிரசுரம் தருவார்கள், பின்னணி இசையோடு வீடியோ தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு:

ரெரா பதிவுச் சான்றின் நகல். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கடிதம், கூடவே முத்திரையிட்ட மனைப்பிரிவு வரைபடம். கட்டடமென்றால் கட்டட அனுமதியும் வரைபடமும். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. நிலம் ஒருவர் பெயரிலும் விற்பவர் வேறொருவராகவும் இருந்தால் பவர் பத்திரம் அல்லது கூட்டு ஒப்பந்தம்.

வாங்கியதோடு நின்றுவிடாமல் மூன்றைச் சரிபாருங்கள். மூன்றுக்கும் காசு தேவையில்லை. ஒன்று, ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண்கள், மனைகளின் எண்ணிக்கை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் சான்றோடு ஒத்துப்போகிறதா? அந்தத் தேதி தாண்டியிருந்தால் கால நீட்டிப்பு வாங்கியிருக்கிறார்களா? இரண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். அவர்கள் கொடுத்த நகலின் தேதிக்குப் பிறகு ஏதாவது ஏறியிருக்கலாம். மூன்று, வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா.

இன்னொன்றும் கேளுங்கள். புரமோட்டர் தன் முகவர்களின் பெயர், முகவரியை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ‘என் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா’ என்று எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக ‘நீங்களும் விற்றுக் கொடுங்கள்’ என்பதை நம்பி விளம்பரம் போட்டால், சிக்கல் வரும் நாளில் ‘இவரை எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கும். விளம்பரம் போட அனுமதித்து ஒரு கடிதம், கமிஷன் சதவீதத்தோடு, லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். மறுவிற்பனையானால் வீட்டுக்காரரிடம் இதே போல ஒரு பக்க ஒப்புதல்: விலை, அளவு, எத்தனை நாளைக்கு விளம்பரம் போடலாம், அவர் கையெழுத்து.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது காகிதம் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அது ஒப்புதல் ஆகாது. 2016-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கே தடை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாங்குகிறவர் நாளை பதிவு அலுவலகத்தில் திரும்பி நிற்கும்போது, அவர் கையில் இருக்கப்போவது உங்கள் நம்பர் போட்ட நோட்டீஸ்.

4. விளம்பரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை

பிரிவு 11(2) நேரடியாகச் சொல்வது இரண்டை: திட்டத்தின் ரெரா பதிவு எண், ஆணையத்தின் இணையதள முகவரி. இரண்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும். முகவர் போடும் விளம்பரமென்றால் முகவரின் பதிவு எண்ணும் உடன் இருக்கட்டும். ‘ரெரா அப்ரூவ்டு’ என்று மட்டும் எழுதுவது போதாது. முழு எண்ணையும், எழுத்து பிசகாமல், சான்றிலிருந்து பார்த்து எழுதுங்கள்.

‘எடுப்பாக’ என்பதை அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. படத்தை உங்கள் செல்போனில் பெரிதாக்காமல் திறங்கள். உங்கள் போன் நம்பர் படிக்க முடிகிறது, ரெரா எண் படிக்க முடியவில்லை என்றால் எழுத்து சிறியது. போன் நம்பரும் ரெரா எண்ணும் ஒரே அளவில் இருக்கட்டும் என்பது என் பழக்கம்; டிசைனர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை. திட்டத்தின் ரெரா பக்கத்துக்கு நேராகப் போகும் க்யூஆர் குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். வாங்குபவர் உங்களை நம்புவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. விளம்பரம் குறித்து ஆணையம் அவ்வப்போது சுற்றறிக்கை விடும். புதிய டிசைன் போடும்போதெல்லாம் இணையதளத்தில் அந்தப் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதிரி: “சூலூர் வட்டத்தில் டிடிசிபி ஒப்புதல் பெற்ற வீட்டுமனைகள். மனை அளவு 1,200 சதுர அடி முதல். சதுர அடி விலை ரூ. ____. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் தனி. ஒப்புதல் எண் ____. தமிழ்நாடு ரெரா பதிவு எண் ____. இணையதளம் ____. முகவர் பதிவு எண் ____. தொடர்புக்கு ____.” வர்ணனை இல்லாமல் இவ்வளவே போதும். பார்க்க வருபவர்களுக்கு மற்றதை மண் காட்டும்.

5. வரி வரியாகச் சோதியுங்கள்

அடிக்கடி வரும் வாசகங்களை எடுத்துச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கோப்பில் என்ன காகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘1,350 சதுர அடி வீடு.’ எந்த 1,350? சுவர்களுக்குள் புழங்கும் கார்பெட் ஏரியாவா, படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் பங்கு போட்டுச் சேர்த்த சூப்பர் பில்ட்-அப்பா? ரெரா சட்டம் பேசுவது கார்பெட் ஏரியாவில். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள்சுவர் சேரும். சூப்பர் பில்ட்-அப் எழுதித்தான் ஆக வேண்டும் என்று புரமோட்டர் சொன்னால், பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் கார்பெட் ஏரியாவையும் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவையும் எழுதுங்கள்.

‘ஓப்பன் கார் பார்க்கிங் 2 லட்சம் மட்டும்.’ திறந்தவெளி வண்டி நிறுத்தம் பொதுப் பகுதி என்கிறது சட்டம். அதைத் தனியாக விலை போட்டு விற்க முடியாது. இந்த வரியை எடுத்துவிடுங்கள்.

‘பூங்கா, விளையாட்டுத் திடல்.’ வரைபடத்தில் பூங்காவுக்கென்று குறித்திருக்கும் இடம் பல மனைப்பிரிவுகளில் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடமாக இருக்கும். அங்கே ‘உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப் ஹவுஸ்’ என்று படம் போட்டால் அது நடக்காத வாக்குறுதி.

‘விமான நிலையத்துக்கு 10 நிமிடம்.’ நிமிடக் கணக்கே வேண்டாம். சாலை வழித் தூரத்தைக் கிலோமீட்டரில் போடுங்கள். வரப்போகிற திட்டங்களைக் காட்டி விற்பதிலும் கவனம் தேவை. பரந்தூர் விமான நிலையம், இன்னும் பணி முடியாத மெட்ரோ வழித்தடம் போன்றவற்றை ‘உத்தேசத் திட்டம்’ அல்லது ‘பணி நடக்கிறது’ என்று உள்ளபடி எழுதுங்கள். வந்துவிட்டது போலப் படம் போடாதீர்கள்.

‘மூன்றே ஆண்டில் இரட்டிப்பு, உறுதி.’ யாராலும் உறுதி தர முடியாததை நீங்கள் தருகிறீர்கள். அடித்துவிடுங்கள்.

‘100 சதவீத வங்கிக் கடன்.’ ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதையும் தாண்டினால் 75 சதவீதம். சேமிப்பே இல்லாத ஒரு குடும்பம் இந்த ஒரு வரியை நம்பி டோக்கன் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கந்துவட்டிக்கு ஓடும். எனக்கு இந்த வாசகத்தைப் பார்த்தாலே கோபம் வருவது அதனால்தான்.

‘6 லட்சம் முதல்.’ அந்த விலையில் உண்மையில் எத்தனை மனை மிச்சமிருக்கிறது? கிட்டத்தட்ட எதுவும் இல்லாத விலையைக் காட்டி ஆளை வரவழைப்பதை 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள் தனியாகக் குறிப்பிட்டே தடுக்கின்றன. அந்த விலை மனைகள் விற்றுத் தீர்ந்த அன்றே வரியை மாற்றுங்கள்.

‘இலவசப் பத்திரப்பதிவு, தங்க நாணயம்.’ தமிழ்நாட்டில் மனை வாங்க முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதை யார் கட்டுகிறார்கள், கைடுலைன் மதிப்புக்கா (அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு) விற்பனை விலைக்கா, நாணயம் எத்தனை கிராம், எந்தத் தேதிவரை என்பதையெல்லாம் புரமோட்டரிடம் எழுத்தில் வாங்காமல் போடாதீர்கள். விலையை ஏற்றிவிட்டு இலவசம் என்றால் அது இலவசம் ஆகாது.

நிபந்தனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பெரிதாக வாக்குறுதி, அடியில் ஆங்கிலத்தில் எறும்பளவு எழுத்தில் நிபந்தனை என்பது ஊர் வழக்கம். வாக்குறுதி எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் அதற்கான நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன மேலே சொன்ன நெறிமுறைகள். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரையும் மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். ரெரா சட்டத்தின் பிரிவு 12 இன்னும் நேரடியானது: விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ இருந்த பொய்யை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குப் புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும், விலக நினைத்தால் வட்டியோடு முழுப் பணமும் திரும்ப வேண்டும். அந்த வழக்கில் முதல் சாட்சி உங்கள் விளம்பரம்தான்.

6. எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் பதிவு, இன்ஸ்டா ரீல்ஸ், சொத்து விற்பனை இணையதளங்கள்: எந்த ஊடகமானாலும் விளம்பரம் விளம்பரம்தான். ரீல்ஸில் ரெரா எண்ணைக் கடைசி நொடியில் மின்னவிடாமல் படம் முழுக்க ஓர் ஓரத்தில் நிற்க வையுங்கள்.

யூடியூப் சேனல்காரர்களுக்குப் பணம் கொடுத்து ஹோம் டூர் எடுத்தால், அது பணம் பெற்ற விளம்பரம் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பேசும் முன் உங்கள் கோப்பிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அவர்கள் உற்சாகத்தில் சேர்க்கும் வாக்குறுதி உங்கள் தலையில் விடியும். ட்ரோன் பறக்கவிடுவதானால் விமானப் போக்குவரத்துத் துறையின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். விமான நிலையம், விமானப்படைத் தளம் பக்கத்து மனைகளில் இதை மறந்துவிடாதீர்கள்.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு (வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்காக டெலிகாம் கம்பெனிகள் வைத்திருக்கும் பதிவேடு) தேவை: நிறுவனப் பெயர், அனுப்புநர் தலைப்பு, வாசக மாதிரி மூன்றும் ஒப்புதல் பெற வேண்டும். கட்டணம் டெலிகாம் கம்பெனியைப் பொறுத்து மாறும். பான், தொழில் பதிவுச் சான்று, கையொப்ப அதிகாரக் கடிதம் கேட்பார்கள். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் மீண்டும் ஒப்புதலுக்குப் போகும் என்பதால் விழாக்காலச் சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். யாரோ விற்கும் நம்பர் பட்டியலை வாங்கவே வேண்டாம்.

பேனர், ஹோர்டிங்குக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். தனியார் இடம், உரிமையாளர் சம்மதம் என்றாலும் அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே இருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு ‘இரண்டு நாள்தானே’ என்று வைப்பதற்கு யாருக்கும் மனம் வரக் கூடாது. பிறர் சுவரில் எழுதுவது, போஸ்டர் ஒட்டுவது பார்வையில் படும் இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே வரும். மரத்தில் ஆணி அடித்து ‘மனைகள் விற்பனைக்கு’ போர்டு மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள், செய்யும் ஆட்களுக்கு நோட்டீஸும் கொடுக்காதீர்கள்.

7. விளம்பரத்தைப் பார்த்து வந்தவரிடம் பணம் வாங்கும்போது

‘இன்றே டோக்கன் போட்டால்’ என்ற வரி விளம்பரத்தில் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் சொத்து விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது. டோக்கன் பணம் உங்கள் ஜிபேக்கு வர வேண்டாம். ரெரா பதிவில் காட்டியுள்ள திட்டத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ரசீது புரமோட்டர் பெயரில் இருக்கட்டும். கமிஷன் உங்களுக்குத் தனியாக வரும்.

8. கோப்பும் தேதியும்

போட்ட ஒவ்வொரு விளம்பரத்தையும் தேதியோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுக்க வேண்டிய நாளில் இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் பாதி விளம்பரங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கும். விற்ற சொத்தை அன்றே எடுங்கள். விலை மாறினால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரமோட்டர் தன் திட்டத்தின் நிலவரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதே சமயத்தில் நீங்களும் உங்கள் விளம்பரங்களை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் முகவர் பதிவு முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஆணையத்திடமிருந்து நோட்டீஸ் வந்தால், முதலில் அந்த விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் இறக்குங்கள். இறக்கும் முன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு புரமோட்டரின் அனுமதிக் கடிதம், அந்த வரிக்கான ஆவணம், இறக்கியதற்கான சான்று மூன்றையும் இணைத்து, நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். போனில் பேசிச் சரிசெய்கிறேன் என்று வரும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். பதிலை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள்.